எந்த மின்னஞ்சல் தலைப்பைப் பார்த்துத் திறந்தீர்கள்?

காரைக்குடி கணினி மையம்

காரைக்குடியில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் சிறிய கணினி மையம் நடத்துகிறேன். நான்கு கணினிகள், ஓர் அச்சு இயந்திரம். விண்ணப்பம் போட வருகிறவர்கள், சான்றிதழ் எடுக்க வருகிறவர்கள், வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வருகிறவர்கள் என்று பகல் முழுவதும் ஆள் இருக்கும். பதினோரு ஆண்டுகளாக அவர்களுக்குப் பின்னால் நின்று அவர்களுடைய இன்பாக்ஸைப் பார்த்து வருகிறேன். அதில் ஒரு வருத்தம் சேர்ந்துவிட்டது. அதற்காகத்தான் இந்த இழை.

போன மாதம் ஒரு தம்பி வந்தான். அரசுத் தேர்வு ஒன்றுக்கு விண்ணப்பித்துவிட்டு, நுழைவுச் சீட்டு இன்று வரும், நாளை வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தவன். 'உங்கள் நுழைவுச் சீட்டு தயார், இன்று நள்ளிரவு வரை மட்டும்' என்ற தலைப்பில் ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. நான் பக்கத்துக் கணினியில் ஓர் அம்மாவுக்கு வருமானச் சான்று எடுத்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்ப்பதற்குள் சுட்டியைத் தொட்டு, 'சரிபார்ப்புக் கட்டணம் 49 ரூபாய்' என்ற இடத்தில் வங்கி அட்டை எண்ணையும் ஓடிபியையும் கொடுத்துவிட்டான். போனது 49 ரூபாய் அல்ல, 18,400 ரூபாய். அவனுடைய அம்மா ஏலச்சீட்டு எடுத்துப் போட்டு வைத்திருந்த பணம். உடனே 1930 எண்ணுக்கு அழைத்துப் புகார் பதிவு செய்தோம். பணம் இன்னும் திரும்பவில்லை.

கடையில் இருந்த ஒருவர், "படித்த பையன், இதுகூடவா தெரியாது?" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. லாட்டரி விழுந்தது என்றோ வெளிநாட்டுச் சொத்து என்றோ வந்திருந்தால் அவன் தொட்டிருக்கவே மாட்டான். அவன் எதற்கும் பேராசைப்படவில்லை. தனக்கு வர வேண்டிய ஒன்றுக்காகக் காத்திருந்தான். அதே பெயரைப் போட்டுக்கொண்டு கடிதம் வந்தது.

எந்தத் தலைப்பைப் பார்த்து நீங்கள் திறந்தீர்கள்? அந்த நேரத்தில் மனம் எதில் இருந்தது? பணம் போனதா இல்லையா என்பதை விட இது எனக்கு முக்கியம். மையத்துக்கு வருகிறவர்களுக்குக் காட்டப் போகிறேன்.

சேலம் ஓய்வூதியர்

தம்பி, அந்தப் பையனுக்காகப் பேசியதற்கு நன்றி. நான் மத்திய அரசு அலுவலகத்தில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன், வயது 73. எங்களுக்கு நவம்பர் என்றால் உயிர்வாழ்வுச் சான்று கொடுக்கும் மாதம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்த நவம்பரில் முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்தேன். வங்கிக்குப் போக முடியவில்லையே என்று தினமும் நினைத்துக்கொண்டே இருப்பேன். மாதக் கடைசியில் ஒரு காலை வந்தது: 'உயிர்வாழ்வுச் சான்று கிடைக்கவில்லை, டிசம்பர் ஓய்வூதியம் நிறுத்தப்படுகிறது.' ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் தருகிறேன்.

மனைவியின் மருந்துச் செலவு முழுவதும் அந்தப் பணத்தில்தான். படபடப்போடு திறந்தேன். ஓய்வூதிய ஆணை எண் கேட்டது, கொடுத்தேன். வங்கிக் கணக்கு எண் கேட்டது, கொடுத்தேன். ஓடிபி வந்தது. கண்ணாடி இல்லாததால் மனைவியை அழைத்து அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்கச் சொன்னேன். அவள் முழுவதையும் படித்தாள். "யாரிடமும் பகிர வேண்டாம் என்று போட்டிருக்கிறதே, நீங்கள் யாருக்குக் கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டாள். அத்தோடு நிறுத்தினேன்.

பிறகு அஞ்சலகத்தில் சொல்லி, தபால்காரர் வீட்டுக்கே வந்து கைரேகை எடுத்துச் சான்றைப் பதிவு செய்துவிட்டுப் போனார். கட்டணம் 70 ரூபாய். அப்படி ஒரு வசதி இருப்பது முன்பே தெரிந்திருந்தால் அன்று காலை எனக்கு அந்தப் பயமே வந்திருக்காது. இதையும் உங்கள் மையத்தில் எழுதி வையுங்கள், தம்பி.

பழைய நிரலாளர், சென்னை

என்னுடையது 2000-ஆம் ஆண்டு மே மாதத்துக் கதை. தலைப்பு உலகத்துக்கே தெரிந்தது: 'ஐ லவ் யூ'.

அப்போது சென்னையில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு ஆகியிருந்தது. கடிதம் எங்கள் குழுத் தலைவரின் முகவரியிலிருந்து வந்தது. மிகவும் கண்டிப்பானவர், தேவைக்கு மேல் ஒரு சொல் பேசாதவர். அவரிடமிருந்து இப்படி ஒரு தலைப்பா என்று திகைத்துத்தான் திறந்தேன். அவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்தேன். இணைப்பாக ஒரு காதல் கடிதம், சாதாரண உரைக் கோப்பைப் போலத் தெரிந்தது. கோப்பின் பெயரில் கடைசியாக இருந்த மூன்று எழுத்துகளை விண்டோஸ் மறைத்து வைத்திருந்தது. உண்மையில் அது ஒரு நிரல். தொட்டதும் என் முகவரிப் புத்தகத்தில் இருந்த எல்லோருக்கும் என் பெயரிலேயே போய்விட்டது. கணினியில் இருந்த படக் கோப்புகளின் மேல் தன்னையே எழுதி அழித்தது. பக்கத்து மேசை அக்கா, மகளின் காதுகுத்துப் படங்களை ஸ்கேன் செய்து வைத்திருந்தார். ஒன்றுகூட மிஞ்சவில்லை.

பிரிட்டிஷ் நாடாளுமன்றமே அன்று தன் மின்னஞ்சலை நிறுத்தி வைத்தது. அந்த நிரலை எழுதியவர் மணிலாவைச் சேர்ந்த மாணவர். பிலிப்பைன்ஸில் அப்போது இதற்கென்று சட்டம் இல்லாததால் அவரைத் தண்டிக்க முடியவில்லை.

நான் இன்றும் எண்ணிப் பார்ப்பது இதைத்தான்: முன்பின் தெரியாதவரிடமிருந்து வந்திருந்தால் திறந்திருக்க மாட்டேன். தெரிந்தவரின் பெயர்தான் கதவைத் திறந்தது.

ரொறன்ரோவிலிருந்து

எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

2004 டிசம்பர் 26-இல் கடல் வந்தபோது பெரியம்மா குடும்பம் முல்லைத்தீவில் இருந்தது. தொலைபேசி இல்லை. நாங்கள் இங்கே பனிக்குள் இருந்துகொண்டு இரவும் பகலும் கணினியைப் பார்த்தபடி இருந்தோம். யார் யாரோ அனுப்பிய பெயர்ப் பட்டியல்கள், முகாம் விவரங்கள், படங்கள் எல்லாம் மின்னஞ்சலில்தான் வந்தன. தலைப்பில் சுனாமி என்ற சொல் இருந்தால் திறக்காமல் விட என்னால் இயலாது.

சனவரி நடுப்பகுதியில் வந்தது: 'சுனாமி நன்கொடை! தயவுசெய்து உதவுங்கள்!' இணைப்பின் பெயரும் சுனாமி என்றே இருந்தது. முகாமில் இருப்பவர்களின் பட்டியலாக இருக்கும் என்று நினைத்து அதைத் திறந்தேன். வைரஸ். என்னிடமிருந்து லண்டனுக்கும் பாரிசுக்கும் சிட்னிக்கும் எங்கள் உறவுகளுக்கே போனது. அவர்களும் என்னைப் போலத்தானே காத்திருந்தார்கள்? அவர்களும் திறந்தார்கள். சுனாமி நிவாரணத்தின் பெயரில் போலிக் கடிதங்கள் வருகின்றன என்று அமெரிக்காவின் எஃப்பிஐ அந்த மாதமே எச்சரித்திருந்தது என்பதைப் பிறகுதான் வாசித்தேன்.

பெரியம்மா உயிரோடு இருந்தார். மச்சாளும் அவளுடைய இளைய பிள்ளையும் இல்லை. அந்தச் செய்தி வந்த மின்னஞ்சலுக்குத் தலைப்பே இருக்கவில்லை.

திருப்பூர் கணக்கர்

ரொறன்ரோ அண்ணாவின் பதிவைப் படித்தபின் பணம் போன கதையை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் தொழிலில் இருப்பவர்களுக்குப் பயன்படும்.

ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். பின்னலாடை இயந்திரங்களுக்கான ஊசிகளை வெளிநாட்டிலிருந்து வரவழைப்போம். ஆறு ஆண்டுகளாக ஒரே சப்ளையர். ஒரு மார்ச் மாதம், ஆண்டுக் கணக்கு முடிக்கும் நெருக்கடி, தணிக்கையாளர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். அப்போது வந்த கடிதத்தின் தலைப்பு 'ரீ:' என்று தொடங்கி எங்கள் ஆர்டர் எண்ணோடு இருந்தது. கீழே நான் மூன்று நாட்களுக்கு முன் எழுதிய கடிதம், அதற்குக் கீழே அவர்களுடைய பழைய பதில், எல்லாம் அப்படியே இருந்தன. 'எங்கள் வங்கிக் கணக்கில் தணிக்கை நடப்பதால் இந்த முறை மட்டும் கீழ்க்கண்ட கணக்குக்கு அனுப்பவும்' என்று ஒரே ஒரு வரி புதிது.

முதலாளியிடம் காட்டினேன், அவரும் சரி என்றார். வங்கிக்குப் படிவம் போனது. 6 லட்சத்துக்குச் சற்று மேல். இரண்டு வாரம் கழித்து உண்மையான சப்ளையர், "பணம் எப்போது வரும்?" என்று கேட்டபோதுதான் தெரிந்தது. முகவரியை எழுத்து எழுத்தாகப் பார்த்தோம். ஆங்கிலச் சிற்றெழுத்து 'எம்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்' எழுத்தும் 'என்' எழுத்தும் ஒட்டி நின்றன. திரையில் இரண்டுக்கும் வேறுபாடே தெரியாது. எங்கள் பெட்டிக்குள்ளோ அவர்கள் பெட்டிக்குள்ளோ யாரோ பல நாட்கள் இருந்து, பேச்சு எந்த இடத்துக்கு வருகிறது என்று பார்த்து, சரியான நாளில் இடையில் நுழைந்திருக்கிறார்கள்.

முதலாளி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கனக்கிறது. இப்போது எங்கள் வழக்கம்: கணக்கு எண் மாறியது என்று யார் எழுதினாலும், பழைய கோப்பில் உள்ள தொலைபேசி எண்ணுக்கு நாங்களே அழைத்துக் குரலைக் கேட்போம். கடிதத்தின் அடியில் இருக்கும் எண்ணுக்கு அழைப்பதில்லை. அதையும் அவர்களே எழுதியிருப்பார்கள்.

அஞ்சல் சேவையக நிர்வாகி, கோவை

ஒரு கல்வி நிறுவனத்தின் மின்னஞ்சல் சேவையகத்தைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். நீங்கள் எழுதியதை மறுபக்கத்திலிருந்து பார்ப்பவன்.

அஞ்சலைச் சேவையகங்களுக்கு இடையே கொண்டுபோகும் எஸ்எம்டிபி நெறிமுறை 1982-இல் வகுக்கப்பட்டது. அன்று வலையமைப்பில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆய்வாளர்கள். அனுப்புநர் இடத்தில் யார் பெயரை எழுதினாலும் அது ஏற்றுக்கொண்டது, தபால் உறையின் மேல் எதை எழுதினாலும் அஞ்சல் பெட்டி வாங்கிக்கொள்வது போல. பின்னாளில் அனுப்புநர் முகவரியைச் சரிபார்க்க எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற சோதனைகள் வந்தன. நாளொன்றுக்கு 5,000 கடிதங்களுக்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புவோர் 2024 பிப்ரவரி முதல் இவற்றைக் கட்டாயம் வைத்திருக்க வேண்டும். ஆனாலும் திருப்பூர் நண்பருக்கு வந்தது போன்ற கடிதம் இந்தச் சோதனைகளில் தேறிவிடும். அந்தப் போலி முகவரியை மோசடிக்காரர் முறைப்படி பதிவு செய்து வைத்திருப்பார். 'இந்த முகவரியிலிருந்துதான் வந்ததா?' என்பதைத்தான் சோதனை கேட்கும். முகவரிக்குச் சொந்தக்காரர் யோக்கியரா என்று கேட்காது.

தலைப்புக்கு அருகே மெல்லிய எழுத்தில் கடிதத்தின் முதல் சில சொற்கள் தெரியும் அல்லவா? அதையும் அவர்கள் திட்டமிட்டே எழுதுகிறார்கள். 'நேற்று பேசியபடி' என்று தொடங்கினால், நேற்று யாருடன் பேசினோம் என்று மனம் தேடத் தொடங்கும். தேடுவதற்காகத் திறப்போம். கடிதத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளி அளவுப் படம் இருக்கும். அது அவர்களுடைய கணினியிலிருந்து வருவதால், படம் கேட்கப்பட்ட கணத்தில் 'இந்த முகவரியில் ஆள் இருக்கிறார்' என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் படங்கள் தானாக வராதபடி அமைப்பில் மாற்றி வைக்கச் சொல்கிறேன். முன்பின் தெரியாதவர் அனுப்பியதில் 'விலக்கிக்கொள்ள இங்கே தொடவும்' என்பதைத் தொட்டாலும் அதே விளைவுதான்.

செய்தியைத் தலைப்பாக்குவது பழைய வழி. 2007 சனவரியில் ஐரோப்பாவில் புயல் அடித்தபோது '230 பேர் பலி' என்ற தலைப்போடு ஒரு வைரஸ் கிளம்பியது. அதற்கு ஸ்டார்ம், அதாவது புயல் என்றே பெயர் வந்தது. அதற்கு இரையான கணினிகளின் வலையமைப்புக்குள் கலிஃபோர்னியாவின் பெர்க்லி, சான்டியாகோ ஆய்வாளர்கள் நுழைந்து எண்ணிப் பார்த்து 2008-இல் எழுதினார்கள். 26 நாட்களில் அதன் வழியாகப் போனவை ஏறத்தாழ 35 கோடி மருந்து விளம்பரக் கடிதங்கள். வாங்க வந்தவர்கள் 28 பேர். அந்த 28 பேருக்காக மற்ற எல்லோருடைய கதவையும் தட்டுகிறார்கள்.

மதுரை வாசகி

ஒரு சந்தேகம் ஐயா. எனக்கு வருபவை எல்லாம் பிழை மலிந்தவை. ஆப்பிரிக்க இளவரசர், பல லட்சம் டாலர். இதை யார் நம்புவார்கள்?

அஞ்சல் சேவையக நிர்வாகி, கோவை

அம்மா, மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் கார்மக் ஹெர்லி 2012-இல் இதே கேள்வியை எடுத்து எழுதினார். அனுப்புவது மலிவு. பதில் போட்டவரோடு வாரக்கணக்கில் பேசுவதுதான் செலவு. பாதியில் சுதாரித்துக்கொள்பவர்கள் தொடக்கத்திலேயே விலகிவிட வேண்டும். நம்ப முடியாத கதை அவர்களை விலக்கிவிடுகிறது, முழுவதும் நம்புகிறவர் மட்டும் மிஞ்சுகிறார். உங்களுக்கு அது அபத்தமாகத் தெரிவது உங்களை விலக்கத்தான்.

பெயர் வேண்டாம்

எனக்கு வந்த தலைப்பு என் கடவுச்சொல். வேறு எதுவும் இல்லை, நான் கல்லூரியில் பயன்படுத்திய கடவுச்சொல் மட்டும் எழுத்துப் பிசகாமல் இருந்தது. 2018 ஆகஸ்ட், இரவு பதினொரு மணி. விடுதி அறையில் தனியாக இருந்தேன். உன் கேமரா வழியாக உன்னைப் படம் எடுத்துவிட்டோம், பிட்காயினில் பணம் அனுப்பாவிட்டால் உன் தொடர்பில் உள்ள எல்லோருக்கும் அனுப்புவோம் என்று உள்ளே இருந்தது. நான் எந்தத் தவறும் செய்யவில்லை. ஆனாலும் அப்பாவின் முகம்தான் முதலில் நினைவுக்கு வந்தது. இரண்டு இரவுகள் தூங்கவில்லை. கேமராவின் மேல் பொட்டு ஒட்டினேன்.

மூன்றாம் நாள் அக்காவிடம் அழுதுகொண்டே சொன்னேன். அவள் உட்கார்ந்து தேடிப் பார்த்தாள். அதே சொற்களில் அதே கடிதம் உலகம் முழுவதும் போயிருந்தது. எப்போதோ நான் பதிவு செய்த ஒரு தளத்திலிருந்து கடவுச்சொற்கள் கசிந்து, விற்கப்பட்டு, இவர்கள் கைக்கு வந்திருக்கின்றன. படமும் இல்லை, ஒன்றும் இல்லை. அக்கா எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்ற வைத்தாள். பிறகு, "இரண்டு நாள் ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

காரைக்குடி அண்ணா, உங்கள் மையத்துக்குப் பெண்பிள்ளைகள் வந்தால் இந்தத் தலைப்பைக் கட்டாயம் காட்டுங்கள்.

காரைக்குடி கணினி மையம்

காட்டுகிறேன், அம்மா. எல்லாத் தலைப்புகளையும் பெரிய எழுத்தில் அச்சிட்டு, நான்கு கணினிகளுக்கும் மேலே சுவரில் ஒட்டிவிட்டேன். பெயர்கள் இல்லை, தலைப்புகள் மட்டும். தபால்காரர் செய்தியையும் தனியாக எழுதி வைத்திருக்கிறேன். நேற்றே இரண்டு பெரியவர்கள் அதைக் கேட்டுக் குறித்துக்கொண்டு போனார்கள்.

நேற்று மாலை அந்தத் தம்பியும் வந்தான். கைப்பேசியை என்னிடம் நீட்டினான். நுழைவுச் சீட்டு என்று இன்னொரு மின்னஞ்சல். மூன்று நாட்களாகத் திறக்காமலே வைத்திருந்திருக்கிறான். "அண்ணா, இது உண்மையாக இருந்தால் என்ன செய்வது?" என்றான். மின்னஞ்சலைத் தொடவில்லை. அவன் விண்ணப்பித்த அன்று எடுத்த அச்சுப் பிரதியில் இருந்த முகவரியை அவனே எழுத்து எழுத்தாகத் தட்டச்சு செய்தான், பதிவு எண்ணைப் போட்டான். சீட்டு இருந்தது. தேர்வுக்கு இன்னும் பன்னிரண்டு நாட்கள், மையம் சிவகங்கை. இரண்டு பிரதிகள் எடுத்துக் கொடுத்தேன்.