கர்ப்பிணிக்கு உப்பைக் குறைக்கலாமா? கோத்தகிரியில் ஓர் ஆய்வாளரைச் சந்தித்த அனுபவம்

கோத்தகிரி நர்ஸ்:

நான் கோத்தகிரிப் பக்கம் கிராம சுகாதார செவிலியர். எங்க எஸ்டேட் லைன் வீடுகள்ல மாசமா இருக்கிற பொண்ணுக்குக் கால் வீங்கினா, மாமியார் உடனே சோத்துல உப்பை நிறுத்திடுவாங்க. நாள் முழுக்கக் கொழுந்து பறிச்சுட்டு வர்ற பிள்ளை, உப்பில்லாத ரசத்தை ரெண்டு வாய் வெச்சுட்டுத் தட்டைத் தள்ளிடும். நான் எத்தனை சொன்னாலும் "பெரியவங்க சொன்னது"ன்னு ஒரே பதில்.

ஒரு செவ்வாய்க்கிழமை செக்கப்புக்கு ஒரு மேடம் வந்தாங்க. சொந்த ஊர் இந்தப் பக்கம்தான். கர்ப்ப காலத்துல சிறுநீரகம் சோடியம், பொட்டாசியம் மாதிரி அயனிகளை எப்படிக் கையாளுதுங்கறது அவங்க ஆராய்ச்சி. நான் யூரின்ல புரதம் இருக்கான்னு பார்க்கிறப்ப பக்கத்துல வந்து நின்னாங்க. டெஸ்ட் ட்யூபோட மேல்பாதியை மட்டும் சூடு காட்டினேன், வெள்ளையாக் கலங்குச்சு. அசிட்டிக் அமிலம் சில சொட்டு விட்டதும் தெளிஞ்சிடுச்சு. "இது பாஸ்பேட்தாம்மா, பயப்படாத. புரதமா இருந்தா தெளிஞ்சிருக்காது"ன்னு ட்யூபை அந்தப் பொண்ணு கையிலேயே கொடுத்துக் காட்டினாங்க. அவ முகம் மலர்ந்ததை இன்னைக்கும் சொல்லுவேன்.

அப்புறம் மாமியாரை உட்கார வெச்சுப் பேசினாங்க. குழந்தை உண்டானா ரத்தத்தோட நீர்ப்பகுதி 40 முதல் 50 சதவீதம் வரை கூடும். அந்தத் தண்ணி உடம்புல தங்கணும்னா சோடியம் வேணும். சிறுநீரகம் வடிகட்டுற அளவும் ஏறக்குறைய 50 சதவீதம் கூடிடுது. அத்தனையும் வடிகட்டி, அதுல போற உப்பைத் திரும்ப இழுத்து, பிரசவத்துக்குள்ள கிட்டத்தட்ட 900 மில்லிமோல் சோடியத்தைச் சேர்த்து வைக்குது. சமையல் உப்பாக் கணக்குப் போட்டா 50 கிராமுக்கு மேல. "உங்க மருமக உடம்பு இவ்வளவு பாடுபட்டுச் சேர்க்கிறதை நாம ஏன்மா நிறுத்தணும்?"

"அப்ப வீக்கம்?"னு அந்த அம்மா விடல. சாயங்காலம் கால் வீங்கி, படுத்து எழுந்தா வடியறது பெரும்பாலும் சாதாரணம்னாங்க. 20 வாரத்துக்கு மேல பிபி 140/90ஐத் தொட்டாலோ, யூரின்ல புரதம் வந்தாலோ, விடாத தலைவலி, கண் மங்கல் இருந்தாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காம ஆஸ்பத்திரிக்குப் போகணும். உப்பை நிறுத்தி இப்படி பிபி ஏறுறதைத் தடுக்க முடியாது. அதுக்காக ஊறுகாயும் கருவாடுமா அள்ளிப் போட வேண்டாம், வீட்டுச் சமையல்ல போடுற உப்பு போதும். நாம கொடுக்கிற கால்சியம் மாத்திரையை விடாமப் போட்டா உண்மையாவே உதவும்னும் சொன்னாங்க. அந்த மாத்திரை எத்தனை வீட்டுல அலமாரியிலேயே கிடக்குதுன்னு எனக்குத்தான் தெரியும்.

உங்களுக்கும் இப்படி யாரையாவது சந்திச்ச அனுபவம் இருந்தா எழுதுங்க.

குன்னூர் மாணவன்:

அக்கா, நீங்க சொல்றவங்களைத்தான் நானும் பார்த்திருக்கணும். மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் வர்ற பஸ்ல பக்கத்து சீட். நான் உடலியங்கியல் படிக்கிறேன்னதும் பர்லியாறு வர்றதுக்குள்ள ஒரு கேள்வி போட்டாங்க. கர்ப்பத்துல அல்டோஸ்டிரோன் பல மடங்கு ஏறுது. அது சோடியத்தைப் பிடிச்சு வெச்சுப் பொட்டாசியத்தை வெளியேத்துற ஹார்மோன். அப்படின்னா பொட்டாசியம் குறையணுமே, ஏன் உடம்புல சேருது?

எனக்குப் புரொஜெஸ்டிரோன்ங்கற கர்ப்ப கால ஹார்மோன் ஞாபகம் வந்துச்சு, அது அல்டோஸ்டிரோன் போய் ஒட்டி வேலை செய்யற இடத்தை, அதாவது ஏற்பியை, மறிக்கும். "அது ஒரு பகுதி"ன்னாங்க. இன்னொண்ணு, ஹைட்ரஜனை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிற ஒரு பம்ப். கர்ப்பமான எலிகளோட சிறுநீரகத்துல அதைத் தேடிப் போன ஆராய்ச்சியைப் பத்திச் சொல்லிட்டே வந்தாங்க. 1957ல டென்மார்க் விஞ்ஞானி ஸ்கோ நண்டோட நரம்புல சோடியம்-பொட்டாசியம் பம்பைக் கண்டுபிடிச்சதும், அதுக்கு 1997லதான் நோபல் பரிசு வந்ததும் பாடப் புத்தகத்துல ஒரு வரியாப் படிச்சிருக்கேன். அந்த வரிக்குப் பின்னால இவ்வளவு வேலை இன்னும் பாக்கி இருக்குன்னு அன்னைக்குத்தான் உறைச்சுது. நான் இந்தத் துறையிலேயே மேல படிக்கணும்னு முடிவு பண்ணினது அந்தப் பயணத்துலதான்.

கூடலூர் சுகாதாரப் பணியாளர்:

எங்க பக்கம் பழங்குடிக் குடியிருப்புகள்ல அரிவாள் செல் நோய் அதிகம், ரத்தச் சிவப்பணு அரிவாள் மாதிரி வளையற பரம்பரை நோய் அது. இந்தியாவுல முதன்முதலா 1952ல இது பதிவானதே நீலகிரிப் பழங்குடிகள்கிட்டதான். எங்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்த சிறுநீரக மருத்துவர் ஒருத்தர் விளக்கினது மனசுல நிக்குது. சிறுநீரகத்தோட உட்பகுதியில உப்பும் யூரியாவும் சேர்ந்த மொத்தச் செறிவு ரத்தத்தைவிட நாலு மடங்கு வரைக்கும் போகும், ஆக்சிஜனும் குறைவு. அங்கே சிவப்பணு அரிவாளா வளைஞ்சு நுண் ரத்தக்குழாய்களை அடைக்கும். நாளடைவுல சிறுநீரகத்தால சிறுநீரைச் செறிவாக்க முடியாமப் போயிடும். அதனால தண்ணி நிறைய வெளியே போகுது, ராத்திரி அடிக்கடி எழுந்து போக வேண்டியிருக்கு.

ஒரு கர்ப்பிணி, இருட்டுல வெளியே போகப் பயந்து சாயங்காலத்துல இருந்தே தண்ணி குடிக்காம இருந்தா. உடம்புல நீர் வத்தினா செல் இன்னும் வளையும், வலி வரும். அவ வீட்டுக்காரர்கிட்ட இதைச் சொன்னேன். அன்னைக்கே ஒரு டார்ச் வாங்கி வந்து, ராத்திரி தானே துணைக்குப் போக ஆரம்பிச்சார்.