புதுப்பிப்பு: இரும்பு மாத்திரைக்கு அசையாத ரத்தசோகை, தலசீமியா பரிசோதனை கிடைத்தது

மூன்று மாதம் இரும்பு மாத்திரை சாப்பிட்டும் மனைவிக்கு ஹீமோகுளோபின் ஏறவில்லை, அரசு மருத்துவமனையில் தலசீமியா (ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை ரத்த நோய்) பரிசோதனை செய்துகொள்ள என்ன வழி என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

நேராக ஆய்வகத்துக்குப் போனது வீண். மருத்துவர் சீட்டு இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். "பழைய ரத்த அறிக்கையில் எம்.சி.வி. (சிவப்பணுக்களின் சராசரி பருமன்) அளவை வட்டமிட்டுக் காட்டுங்கள்" என்ற யோசனைதான் பலித்தது. 66 என்று பார்த்ததுமே (80-க்குக் கீழே என்றால் குறைவு) மருத்துவர், ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

ஆனால் கூடவே ஃபெரிட்டினும் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு) பார்க்கச் சொன்னார். இங்கே யாரும் சொல்லாத விஷயம் இது: இரும்புச்சத்து குறைந்திருந்தால் பீட்டா தலசீமியா மரபணு இருந்தால் கூடுகிற ஹீமோகுளோபின் ஏ2 அளவும் இறங்கி, முடிவு இயல்பானது போலக் காட்டிவிடலாமாம். ஃபெரிட்டின் சரியாகவே இருந்தது. ஏ2 மட்டும் 5.2% என்று கூடியிருந்தது. அதாவது மனைவி பீட்டா தலசீமியா கடத்தி (மரபணுவைச் சுமப்பவர்), நோயாளி இல்லை. இரும்பு மாத்திரையை நிறுத்தியாயிற்று.

அப்புறம் என் கையை நீட்டச் சொன்னார்கள்! இருவருமே கடத்திகள் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்குக் கடுமையான நோய் வர 25% வாய்ப்பு. எனக்கு இல்லை என்று நேற்று முடிவு வந்தது. அடுத்து மனைவியின் தங்கைக்குப் பார்க்க வேண்டும்.