உதயதாரகை 1841: கை அச்சில் ஒரு இதழ் எப்படி வெளிவந்திருக்கும்?

வரலாற்று ரீச்சர்:
எல்லோருக்கும் வணக்கம். பாடசாலைக் கண்காட்சிக்கு யாழ்ப்பாணப் பத்திரிகைகளின் தொடக்கம் பற்றி மாணவர்கள் ஒரு பகுதி தயாரிக்கிறார்கள். உதயதாரகையின் முதல் இதழ் 1841 தை (ஜனவரி) 7ஆம் திகதி வந்தது என்பதோடு பாடப்புத்தகம் நின்றுவிடுகிறது. அதை வெளியிட்ட அமெரிக்க மிஷன் 1816இலேயே இங்கு வந்துவிட்டது. பிறகேன் 25 வருடம் எடுத்தது? ஒரு தாளை அச்சடிக்க என்னென்ன வேலை, எங்கே பிழைக்கும்? பிள்ளைகள் துருவிக் கேட்டால் பதில் சொல்லும் அளவுக்கு விபரம் வேண்டும்.

வண்ணைவாசி:
ரீச்சர், யந்திரமும் ஆளும் 1820இலேயே வந்தாயிற்று. தடையாக நின்றது அரசாங்கம். அந்த வருடம் ஜேம்ஸ் கரெற் என்ற அச்சுக்காரர் மிஷனுக்கு வந்திறங்கினார். அப்போது ஆட்சிப் பொறுப்பில் இருந்த எட்வேட் பாண்ஸ், அமெரிக்கர் இன்னும் ஒருவர் இங்கே தங்கக் கூடாது என்று மறுத்துவிட்டார். கரெற் தீவை விட்டுப் போய்ப் பம்பாய் மிஷன் அச்சுக்கூடத்தில் சேர்ந்தார். யந்திரம் நல்லூரில் இருந்த ஆங்கிலத் திருச்சபை மிஷனிடம் போனது. தடை நீங்கிய பிறகு 1834இல் மைனர் என்ற அச்சுக்காரர் வந்த பின்தான் மானிப்பாயில் அமெரிக்க மிஷன் அச்சுக்கூடம் ஒழுங்காக ஓடத் தொடங்கியது. முதலில் துண்டுப்பிரசுரமும் பள்ளிப் புத்தகமும்தான் அடித்தார்கள்.

இன்னொரு காரணம் ஆட்கள். பத்திரிகைக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதத் தெரிந்தவர்கள் வேண்டும். மிஷனின் உயர்கல்விக்கூடமான வட்டுக்கோட்டை செமினரி 1823இல்தான் தொடங்கியது. அங்கே படித்தவர்கள் வளர்ந்து ஆளாகும் வரை இருமொழிப் பத்திரிகைக்கு வழியில்லை.

கண்காட்சிகளில் வழமையாக வரும் இரண்டு பிழைகளைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். முதலாவது, உதயதாரகையின் முதல் ஆசிரியர்களான ஹென்றி மாட்டினும் சேத் பேசனும் வெள்ளைக்காரர் அல்ல. இருவரும் செமினரியில் படித்த தமிழர். மாணவர்களுக்கு மேல்நாட்டார் பெயர் வைப்பது அக்கால மிஷன் வழக்கம். ஹென்றி மாட்டின் என்ற ஆங்கிலேய மிஷனரி 1812இலேயே இறந்துவிட்டார். அவருடைய படத்தை ஒட்டினால் நம்முடைய ஆளின் உழைப்பை அவருக்குக் கொடுத்ததாகிவிடும். அடுத்தது, "இலங்கையின் முதல் பத்திரிகை" என்று எழுதாதீர்கள். அரச வர்த்தமானி 1802இலும் கொழும்பு ஜேர்னல் 1832இலும் வந்துவிட்டன. "இலங்கையின் முதல் தமிழ்ப் பத்திரிகை" என்பதே சரி. சிங்களத்தின் லங்காலோக கூட 1860இல்தான் வந்தது.

ஈய எழுத்து:
அச்சு வேலையை நான் சொல்கிறேன். யந்திரத்தை எல்லோரும் பார்ப்பார்கள். ஆனால் கஷ்டம் முழுக்க ஈய எழுத்துகளை அறை அறையாகப் போட்டு வைக்கும் எழுத்துப் பெட்டியில்தான் இருந்தது.

247 எழுத்துக்கும் 247 அச்சு தேவையில்லை. எண்ணிப் பாருங்கள்: உயிர் 12, ஆய்தம் 1, புள்ளி வைத்த மெய் 18, அகர வரிசை 18. இகர, ஈகார, உகர, ஊகார வரிசைகளில் குறி எழுத்தோடு ஒட்டியே இருப்பதால் வரிசைக்கு 18 வீதம் 72. மொத்தம் 121. மற்ற வரிசைகளைக் கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக்கொம்பு என்ற நாலு குறியால் கட்டலாம். ஆக 125. பழைய எழுத்துமுறையில் ணா, றா, னா மூன்றும், ணை, லை, ளை, னை நாலும் தனி வடிவம் என்பதால் 132. இதற்கு மேல் கிரந்தம், தமிழ் இலக்கங்கள், நிறுத்தற்குறிகள், இடைவெளிக் கட்டைகள். ஆங்கிலத்துக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் சேர்த்து 52தான். தமிழ்ப் பெட்டி அகலமானது, கை போய்வரும் தூரம் கூட, வேகம் குறையும்.

ஒவ்வொரு எழுத்தும் ஒரே அளவில் செலவாகாது. கால், க், த், து, கு, ன், ம் எல்லாம் தண்ணீராய் ஓடும். ஙகர வரிசையில் ங் ஒன்றைத் தவிர மற்றது தூசி பிடித்துக் கிடக்கும். பெட்டியில் 'து' தீர்ந்துவிட்டால் பக்கம் அப்படியே நின்றுவிடும். அச்சடித்து முடித்த பக்கத்தைக் கலைத்து எழுத்தை அறைகளில் திரும்பப் போட்டால்தான் அடுத்ததைக் கோக்கலாம்.

அதனால் வேலையின் ஒழுங்கே மாறுகிறது. ஒரு தாளை ஒருமுறை மடித்தால் 4 பக்கம். 1ஆம் 4ஆம் பக்கங்கள் தாளின் ஒரு முகத்திலும் 2ஆம் 3ஆம் பக்கங்கள் மறு முகத்திலும் வரும். எழுத்துக் குறைவென்றால் முதலில் 1, 4 பக்கங்களைக் கோத்து அடித்து, கழுவிக் கலைத்த பிறகுதான் 2, 3 பக்கங்களைத் தொட முடியும். கடைசி நேரச் செய்தி முன்பக்கத்தில் வராமல் உள்ளே வருவதற்கு இது ஒரு காரணம்.

ஆங்கிலத்தில் பழகிய கை மணிக்கு ஏறத்தாழ 1000 எழுத்துக் கோக்கும். பக்கத்துக்கு 6000 எழுத்து என்று வைத்தால் ஒரு பக்கத்துக்கே 6 மணித்தியாலம். திருத்தமும் கலைப்பும் வேறு.

இருமொழிப் பத்திரிகையில் இன்னொரு சிக்கல் உண்டு. தமிழ் எழுத்தும் ஆங்கில எழுத்தும் வேறு வேறு வார்ப்படச் சாலையில் வார்த்தவையாக இருந்து, உயரம் ஒரு மயிரிழை வித்தியாசப்பட்டாலும் போதும். உயர்ந்தது தாளைக் குத்தும், தாழ்ந்தது மங்கும். யந்திரத்தில் தாளுக்குப் பின்னால் மெல்லிய கடதாசித் துண்டுகளை ஒட்டி ஒட்டித்தான் சமன் செய்வார்கள்.

இனித் தாள். கை அச்சில் உலர்ந்த தாளை அடிப்பதில்லை. சில தாளுக்கு ஒன்றைத் தண்ணீரில் தோய்த்து நடுநடுவே வைத்து அடுக்கி, மேலே பாரம் ஏற்றி ஒரு இரவு விட்டால் ஈரம் சமமாகப் பரவும். எங்கள் வெயிலில் ஓரம் முதலில் காய்ந்து சுருங்கும். பின்முகத்தை அடிக்கும்போது முன்முகத்தோடு பொருந்தாமல் விலகும். ஈரச் சாக்கால் மூடி வைப்பது இதற்காகத்தான். ஈரம் கூடினால் மை பிடிக்காது, நாலைந்து நாள் கிடந்தால் பூஞ்சணம் பிடித்துவிடும்.

மை பூசும் றோளர் வச்சிரப் பசையும் சர்க்கரைப் பாகும் சேர்த்துக் காய்ச்சி வார்த்தது. சித்திரை வெயிலில் அது இளகி எழுத்தில் ஒட்டும். மாரியில் ஈரத்தை இழுத்து ஊதி, மையை ஏற்காமல் நிற்கும். கோடைக்கும் மாரிக்கும் ஏற்றபடி வச்சிரத்தின் அளவை மாற்றித் திரும்பத் திரும்ப உருக்கி வார்க்க வேண்டும். பழைய முறையில் கம்பளி மயிர் திணித்த தோல் பந்துகளாலும் மை அடிப்பார்கள். அதில் வெயில் தொந்தரவு குறைவு, ஆனால் பூச்சு சமமாக வராது.

யந்திரத்துக்கு இரண்டு பேர். ஒருவர் மை பூசுவார், மற்றவர் தாளை வைத்து, கோத்த பக்கம் இருக்கும் படுக்கையை உள்ளே தள்ளிப் பிடியை இழுப்பார். நன்றாகப் பழகிய சோடி மணிக்கு 200, 250 தாள் ஒரு முகம் அடிக்கும். 500 பிரதி என்றால் இரண்டு முகத்துக்கும் 4, 5 மணித்தியாலம் கை ஓயாத வேலை. பிறகு கொடியில் போட்டு உலர்த்தி மடிப்பது.

வரலாற்று ரீச்சர்:
மிக்க நன்றி. பெட்டிக் கணக்கை அப்படியே வரைபடமாகப் போடப்போகிறோம். இரண்டு கேள்வி. பழைய தாள் ஒன்று கிடைத்தால் கை அச்சு என்று எப்படிப் பிள்ளைகளுக்குக் காட்டுவது? உதயதாரகைக்குப் பிறகு என்ன நடந்தது?

வண்ணைவாசி:
இரண்டாவதற்கு நான். 1842இல் அதே மானிப்பாயில் 58,500 சொற்கொண்ட யாழ்ப்பாண அகராதி அச்சானது. இத்தனை எழுத்து வகையையும் கையாளத் தெரிந்த அச்சுக்கூடம் ஒன்று இங்கே நிலைபெற்றுவிட்டது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். மிஷனுக்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் சொந்த யந்திரம் வேண்டும் என்று கண்ட ஆறுமுக நாவலர், 1849இல் சதாசிவம்பிள்ளையோடு சென்னைக்குப் போய் யந்திரம் வாங்கி வந்து, வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையை நடத்தினார். அந்தப் பயணத்தில்தான் திருவாவடுதுறை ஆதீனம் "நாவலர்" பட்டம் கொடுத்தது. கத்தோலிக்கரின் பாதுகாவலன் 1876இலும், சைவபரிபாலன சபையின் இந்து சாதனம் 1889இலும் வந்தன. அமெரிக்க மிஷன், சைவர், கத்தோலிக்கர் என்ற மூன்று கூட்டத்தாரும் மூன்று அச்சுக்கூடம் வைத்திருந்தார்கள் என்பதை யாழ்ப்பாணப் படத்தில் புள்ளி வைத்துக் காட்டுங்கள், நன்றாக விளங்கும்.

ஈய எழுத்து:
முதலாவதற்கு: தாளை வெளிச்சத்துக்குச் சரித்துப் பிடித்துப் பின்பக்கத்தைப் பாருங்கள். ஈரத்தாளில் எழுத்து அமுங்கிய மேடு தெரியும், பிள்ளைகள் பார்த்தாலே போதும், விரலால் தடவ விடாதீர்கள். அடுத்தது, எழுத்தைச் சுற்றி மங்கிய மஞ்சள் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். மைக்கான ஆளிவிதை எண்ணெயைப் போதியளவு காய்ச்சாமல் விட்டால் அது புகைக்கரியை விட்டுப் பிரிந்து தாளில் ஊறி அப்படி நிற்கும். ஒரே பக்கத்தில் ஒரு முனை கறுத்து மறு முனை வெளுத்திருந்தால் மை பூசியவர் அந்தப் பக்கம் கை எட்டாமல் விட்டிருக்கிறார். வரி நடுவே ஒரு எழுத்துத் தலைகீழாக நின்றால் அச்சுக்கோப்பவர் எழுத்தின் தண்டில் உள்ள வெட்டைத் தடவிப் பார்க்காமல் வைத்தது. அந்த வெட்டு எல்லா எழுத்திலும் ஒரே பக்கம் இருக்கும், கண்ணால் பார்க்காமலே பெருவிரலால் திசை அறிவதற்காக. பழைய ஈய எழுத்து ஒன்று கிடைத்தால் அதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், தொட்ட பிறகு கையைக் கழுவச் சொல்லுங்கள்.