அம்மாவோட ஒரு ரூபா காயின் போனுக்கு மயில்கழுத்து கலர் அடிக்க முடியுமா?

தண்டையார்பேட்டை மகள்:

எல்லாருக்கும் வணக்கம். காசிமேடு போற வழியில எங்கம்மா பொட்டிக்கடை வெச்சிருந்தாங்க. சின்ன வயசுல போலியோ வந்து ஒரு கால் சூம்பிப் போனவங்க. அப்போ பி.சி.ஓ., அதாவது காசு குடுத்துப் பேசுற பொது போன், கொடுக்கும்போது ஊனமுற்றவங்களுக்கு முன்னுரிமை இருந்துச்சு. அப்படித்தான் 1999-ல இந்தச் சிவப்பு காயின் போன் எங்க கடைக்கு வந்தது. என்னோட ஸ்கூல் பீஸ்ல பாதி அதோட வயித்துல விழுந்த காசு. ராத்திரி கடைய சாத்தினப்புறம் பூட்டைத் திறந்து, பத்துப் பத்தா அடுக்கி எண்ணுவோம். மீன் ஏலத்துக்கு வர்ற அக்காங்க விடியக்காலையிலேயே வரிசையில நிப்பாங்க. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில அட்மிட் ஆனவங்களைப் பத்தி சொந்தக்காரங்களுக்குச் சொல்லி அழுததெல்லாம் இந்த ரிசீவர்லதான்.

கடைய எடுத்து ரொம்ப வருஷம் ஆச்சு. போன் பரண்ல கிடந்துச்சு. அடித்தகரம் உப்புக்காத்துல பொரிஞ்சு மூணு இடத்துல ஓட்டை. சிவப்பு பெயின்ட் திட்டுத்திட்டா உரியுது. காசு போடுற வாய்க்குப் பக்கத்துல யார் யாரோ சேப்டி பின்னால கீறின நம்பருங்க இன்னும் இருக்கு.

போன மாசம் ஒரு பெயின்ட் கடைக்குக் குடுத்தேன். பழைய பெயின்ட்டை எடுக்காம மேலேயே டூகோ, அதான் வண்டிக்கு அடிக்கிற ஸ்பிரே பெயின்ட், அடிச்சாங்க. பத்தே நிமிஷத்துல பால் ஆடை மாதிரி சுருங்கிப் போச்சு. பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துடுச்சு.

அம்மா மறுபடி சிவப்பு வேணாம்னுட்டாங்க. அவங்க கல்யாணப் புடவை கலர்ல வேணுமாம். மயில்கழுத்து. ஒரு பக்கம் பார்த்தா நீலம், திருப்பினா பச்சை. பெயின்ட்ல அது வருமா? அந்தக் கீறலையும் அழிக்கணுமா? போன் பேசவும் வைக்கணும்னு ஆசை.

வியாசர்பாடி டிங்கர்:

வரும்மா. ரெண்டு, மூணு புல்லட் டேங்குக்கு இதே கலர் அடிச்சுக் குடுத்திருக்கேன். உங்கம்மா புடவையில பாவு நீலம், ஊடை பச்சை, அதனாலதான் திருப்பினா மாறுது. பெயின்ட்லயும் அதே மாதிரி ரெண்டு கலர் வேணும். அடியில கருநீலம். அது மேல பச்சை பேர்ல், அதாவது முத்து மாதிரி மினுங்குற பெயின்ட், மெல்லிசா ரெண்டு கோட்டு. கடைசியா கிளியர், நிறமில்லாத மேல்பூச்சு. பேர்ல் கெட்டியா விழுந்தா அடி நீலம் மூடிடும், வெறும் பச்சைதான் நிக்கும். அதனால முதல்ல ஒரு டின் மூடியில அடிச்சு, வெயில்ல சாய்ச்சு சாய்ச்சுப் பாருங்க. டியூப்லைட்ல பார்த்து முடிவு பண்ணாதீங்க. புடவையையும் கையோட எடுத்துட்டுப் போங்க.

சுருங்கினதுக்குக் காரணம், பழசு எனாமல். டூகோவுல இருக்கிற தின்னர் எனாமலைத் தூக்கிடும். அதனால மொத்தத்தையும் ரிமூவர் போட்டு எடுத்துத்தான் ஆகணும். ஒண்ணு முக்கியம், உலர்வா தேய்க்காதீங்க. பழைய சிவப்பு, மஞ்சள் பெயின்ட்ல ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டு பெயின்ட்டுக்கே 90 பி.பி.எம்.-க்கு (பத்து லட்சத்துல 90 பங்கு) மேல ஈயம் கூடாதுன்னு சட்டம் 2016-லதான் வந்துச்சு, உங்க போன் அதுக்கு முந்தினது. வாட்டர் பேப்பர்ல தண்ணி விட்டே தேயுங்க, மாஸ்க் போடுங்க, குழந்தைங்க பக்கத்துல வேணாம்.

ஓட்டைய புட்டி வெச்சு அடைக்கவே கூடாது. புட்டி ஈரத்தை உறிஞ்சும், ஒரே மழைக்காலத்துல உள்ளேர்ந்து துரு வெளிய வந்துடும். அழுகின தகரத்தை வெட்டிட்டு உள்பக்கமா புதுத் தகரம் வெச்சு வெல்டு பண்ணுங்க. அப்புறம் நல்ல தண்ணியில கழுவுங்க, உப்பு போகணும். காய்ஞ்ச அன்னிக்கே எபாக்ஸி பிரைமர், அதாவது துரு பிடிக்காம இருக்க முதல்ல அடிக்கிற பூச்சு, அடிச்சுடணும். நம்ம பக்கத்துக் காத்துல தேய்ச்ச தகரம் ஒரு ராத்திரி தாங்காது. துரு எடுக்கிற ஆசிட், எபாக்ஸி எல்லாம் நைனியப்ப நாயக்கன் தெருவுல விசாரிங்க.

கலர், கிளியர் ரெண்டும் பி.யூ.-லயே (பாலியூரித்தேன் பெயின்ட்) போங்க, டூகோ வேணாம். ஆனா பி.யூ. இறுகுறதுக்குக் கலக்குற ஹார்டனர் நெஞ்சுக்குக் கெடுதல், வீட்டுக்குள்ள அடிக்காதீங்க. பவுடர் கோட்டிங், அதாவது பெயின்ட் பொடியைத் தூவி 180 டிகிரி அடுப்புல வேக வைக்கிறது, கெட்டிதான். ஆனா ஒரு பெட்டிக்காக இந்தக் கலரைத் தேடிப் பிடிக்கிறது கஷ்டம்.

கீறலைப் பத்தி உங்கம்மாவைக் கேளுங்க. எனக்குன்னா மனசு வராது. காசு வாய்த் தகடு தனியா கழண்டு வரும்னா அதை மட்டும் பெயின்ட்டுக்கு அனுப்பாதீங்க. கிளியர் மட்டும் ஒரு கோட்டு போதும்.

ரிட்டையர்டு லைன்மேன்:

தங்கச்சி, பெயின்ட்டுக்குக் குடுக்கிறதுக்கு முன்னாடி உள்ள இருக்கிற மெஷினை முழுசா கழட்டிடு. ஒவ்வொரு ஒயரையும் எடுக்கிறதுக்கு முன்னாடி போட்டோ எடு. போர்டுல பேட்டரி இருந்தா கசிஞ்சு பச்சையா பூத்திருக்கும். எலுமிச்சைச் சாறு தொட்டுப் பழைய பிரஷ்ஷால துடைச்சா அது அடங்கும். அப்புறம் ஸ்பிரிட் போட்டு அலசிக் காய வை. ரிசீவர்ல தின்னர் படவே கூடாது, பிளாஸ்டிக் கரைஞ்சு இளகிடும். அதை 1500 நம்பர் பேப்பர்ல தண்ணி விட்டுத் தேய்ச்சு, ரப்பிங் காம்பவுண்ட் போட்டாலே பளபளன்னு வரும்.

இந்தப் போனை டிபார்ட்மென்ட்ல நாங்க சி.சி.பி.ன்னு சொல்லுவோம். எதிர்ல போனை எடுத்தவுடனே எக்ஸ்சேஞ்ச்ல லைனோட பாசிட்டிவ், நெகட்டிவ் மாறும். அந்த மாத்தத்தைப் பார்த்துத்தான் மெஷின் காசு கேட்கும். இப்போ வர்ற பைபர் மோடத்துல பெரும்பாலும் அது மாறாது. அதனால வெளிய பேசணும்னா, காசு வழியைத் தாண்டி நேரா இணைக்கத் தெரிஞ்ச ஆளுகிட்டக் குடு. உள்ள வர்ற கால் மட்டும் போதும்னா ரொம்ப சுலபம். ஆனா மணி அடிக்கும்போது ஒயரைத் தொடாதே. சும்மா இருக்கும்போது 48 வோல்ட்தான், மணிக்கு 75 வோல்ட்டுக்கு மேல வரும், நல்லா உதறிடும்.

இன்னொண்ணு, பழைய ஒரு ரூபா தேடி வை. அப்போ இருந்தது 25 மில்லிமீட்டர் காசு. 2011-ல வந்தது சின்னது, 22 மில்லிமீட்டர். மெஷின் அதை ஏத்துக்காது.

தண்டையார்பேட்டை மகள்:

ரெண்டு அண்ணனுக்கும் கோடி நன்றி. ஏழு வாரம் ஆச்சு, இப்போதான் முடிஞ்சது.

டிங்கர் அண்ணன் சொன்ன மாதிரியே ஆச்சு. டின் மூடியில முதல் தடவை பச்சை ஏறிப்போச்சு, மூணாவது மூடியிலதான் புடவை வந்துச்சு. அம்மா அந்த மூடிய மடியில முந்தானை மேல வெச்சு, ஜன்னல் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "இது"ன்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க. கீறின தகடு அப்படியே இருக்கு. அதுல இருந்த ஒரு நம்பரைத் தடவிப் பார்த்துட்டு, தினமும் சாயங்காலம் வந்து மகனுக்குப் போன் போடுற ஒரு பாட்டி இருந்தாங்க, அந்த நம்பர்னாங்க. அந்தப் பாட்டி கூப்பிட்டாங்கன்னா அம்மாதான் டயல் பண்ணிக் குடுப்பாங்களாம்.

மோடத்துல மாட்டியாச்சு, உள்ள வர்ற கால் மட்டும். மஞ்சள் டப்பாவுல அம்மா பத்திரமா வெச்சிருந்த பழைய காசுல ஒண்ணை எடுத்துப் போட்டாங்க. உள்ள போய் டங்குன்னு விழுந்துச்சு. அம்மா கொஞ்ச நேரம் காதைக் குடுத்துட்டு, "பொட்டி காலியா இருக்கு, அதான் இந்தச் சத்தம். பாதி நிறைஞ்சா வேற மாதிரி கேட்கும்"னாங்க.

ஒரே ஒரு விஷயம் பாக்கி. ரிசீவர்லேர்ந்து வர்ற ஸ்டீல் சுருள் குழாய் நடுவுல பிஞ்சிருக்கு. அதே மொத்தத்துல எங்கயாவது கிடைக்குமா, லைன்மேன் அண்ணா?