மாடி வரை எட்டும் வைஃபை ரௌட்டர்: ஆலோசனை தேவை

நண்பர்களே, வணக்கம். மதுரையில் எங்களுடையது பழைய மாடி வீடு. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், நடுவில் கான்கிரீட் தளம். ஃபைபர் இணைப்பு 200 எம்பிபிஎஸ். அதனுடன் வந்த ரௌட்டர் (வைஃபை தரும் பெட்டி) கீழே வாசல் அறையில் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் முழு வேகமும் கிடைக்கிறது. மாடிப்படி ஏறியதும் அந்த சிக்னலே இல்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டி வருகிறது, ஆனால் அக்கம்பக்கத்து வைஃபைகளின் நெரிசலில் திணறுகிறது. மகள் மாடியறையில்தான் நீட் பயிற்சி வகுப்பு பார்க்கிறாள். ஆசிரியர் கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே படம் நின்றுவிடுகிறது. அவள் படும் அவதியைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

நல்ல வைஃபை 6 (ஆறாம் தலைமுறை வைஃபை) ரௌட்டர் ஒன்றே போதும் என்கிறார் கடைக்காரர். எத்தனை ஆன்டெனா இருந்தாலும் கான்கிரீட் தடுக்கத்தானே செய்யும்? மாடிக்கு ஈதர்நெட் கேபிள் இழுத்து, அங்கே ரௌட்டரை அக்சஸ் பாயின்டாக (கேபிளில் வரும் இணைப்பை வைஃபையாகத் தரும் கருவியாக) வைப்பதே சரி என்று எனக்குத் தோன்றுகிறது. கேபிள் இல்லாமல் மெஷ் (ஒன்றோடொன்று இணைந்து வீடு முழுக்க ஒரே வைஃபையைப் பரப்பும் பல பெட்டிகள்) வைத்திருப்பவர்களுக்கு மாடியில் எவ்வளவு வேகம் கிடைக்கிறது?

5,000 ரூபாய்க்குள் பார்க்கிறேன். கிகாபிட் போர்ட் (1000 எம்பிபிஎஸ் வரை தரும் கேபிள் துளை) கட்டாயம் வேண்டும். 100 எம்பிபிஎஸ் போர்ட் உள்ளதை வாங்கினால் கேபிளிலேயே பாதி வேகம் போய்விடும். மின்தடையின்போது 12 வோல்ட் மினி யுபிஎஸ்ஸில் ஓட்டுபவர்கள் மாடல் பெயரையும் சொன்னால் பேருதவியாக இருக்கும்.