குளிரூட்டிய நாய் விந்தைக் கோவில்பட்டியிலிருந்து கோவைக்குக் கெடாமல் கொண்டுவருவது எப்படி?

கேள்வி (கோவை):
என்னிடம் மூன்று வயதுச் சிப்பிப்பாறைப் பெட்டை இருக்கிறது. இணைசேர்க்க விரும்பும் ஆண் நாய் கோவில்பட்டிப் பக்கம் இருப்பதாலும், இவள் பயணத்தில் மிரண்டு இரண்டு நாள் உண்ணாமல் கிடப்பதாலும், விந்தைக் குளிரூட்டி வரவழைத்துச் செயற்கைக் கருவூட்டல் செய்ய முடிவெடுத்தோம். சென்ற பருவத்தில், விந்துக் குழாயைப் பனிக்கட்டிக்குள் புதைத்து அனுப்பிவிட்டார்கள். நுண்ணோக்கியில் பார்த்த மருத்துவர், அணுக்களில் அசைவே இல்லை என்றார். ஒரு பருவம் வீணானது மிகவும் வருத்தமாக இருக்கிறது. இம்முறை எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில் 1 (கால்நடை மருத்துவர்):
பனிக்கட்டிதான் காரணம் என்று தோன்றுகிறது. உடல் வெப்பத்தில் வெளிவந்த விந்தணுவைத் திடீரெனக் குளிர்வித்தால் அதன் சவ்விலுள்ள கொழுப்பு இறுகிச் சவ்வு கசியத் தொடங்கும். பிறகு எவ்வளவு பக்குவமாகச் சூடேற்றினாலும் அந்த அணு மீளாது. ஆகவே டிரிஸ் (கரைசலின் அமிலத்தன்மை மாறாமல் காக்கும் வேதிப்பொருள்), சிட்ரிக் அமிலம், குளுக்கோஸ் அல்லது ஃபிரக்டோஸ் கலந்த கரைசலில் 20 விழுக்காடு கோழிமுட்டை மஞ்சள் கருவும் நுண்ணுயிர்க்கொல்லியும் சேர்த்து, அதை விந்தின் வெப்பநிலைக்கே கொண்டுவந்து, ஒரு பங்கு விந்துக்கு மூன்று முதல் ஐந்து பங்கு வரை மெதுவாகக் கலக்க வேண்டும். குளிரின் தாக்குதலிலிருந்து சவ்வைக் காப்பது மஞ்சள் கருவிலுள்ள கொழுப்புப் புரதம்தான். கலந்த குழாயை அறை வெப்பத்திலுள்ள நீர்ப் பாத்திரத்தில் நிறுத்தி, பாத்திரத்தோடு குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால், ஓரிரு மணி நேரத்தில் அது மெல்ல 4 அல்லது 5 டிகிரிக்கு இறங்கும். அதன்பின் தெர்மாகோல் பெட்டியில், உறைந்த ஐஸ் பேக்கைத் துணியில் சுற்றி, குழாயைத் தொடாதபடி வையுங்கள்.

பலர் கவனிக்காத இன்னொன்று, நாயின் விந்து மூன்று பகுதிகளாக வெளிவருகிறது என்பது. பால்போல் வெண்மையான இரண்டாம் பகுதியில்தான் அணுக்கள் உள்ளன. தெளிந்த நீர்போல மிகுதியாக வரும் மூன்றாம் பகுதி புரோஸ்டேட் சுரப்பியின் நீர். அது கலந்தால் சேமிப்புக் காலம் குறையும். எனவே நிறம் மாறியதும் சேகரிப்பை நிறுத்திவிட வேண்டும்.

பதில் 2 (நாய் வளர்ப்பவர், மதுரை):
விந்து நன்றாக வந்தும் நாள் தவறியதால் நான் ஏமாந்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். பெட்டை நாயின் முட்டைகள் முதிராத நிலையிலேயே வெளியேறுகின்றன. முதிர மேலும் ஏறத்தாழ இரண்டு நாட்கள் ஆகும். இரத்தக் கசிவு தொடங்கிய நாளிலிருந்து எண்ணிக்கொண்டிருப்பதை விட, ஓரிரு நாட்களுக்கு ஒருமுறை இரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோனின் அளவைப் பார்ப்பதே நம்பத்தக்கது. அது ஒரு மில்லிலிட்டருக்கு 5 நானோகிராம் அளவை எட்டும்போது முட்டை வெளியேறுகிறது என்று கொண்டு, அதிலிருந்து இரண்டாம் நாளும் நான்காம் நாளும் கருவூட்ட ஏற்றபடி விந்தை அனுப்பக் கோவில்பட்டிக்குச் சொல்லிவையுங்கள். இரு நாய்களுக்கும் புருசெல்லா பரிசோதனையை முன்பே முடித்துவிடுங்கள். கருச்சிதைவை உண்டாக்கும் அந்நோய் விந்தின் வழியாகவும் பரவும்.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. விந்து வந்து சேர்ந்ததும் குழாய் முழுவதையும் சூடேற்றித்தான் சோதிக்க வேண்டுமா?

பதில் 1:
வேண்டாம். ஒரே ஒரு துளியை 37 டிகிரி வெப்பமுள்ள கண்ணாடித் தகட்டில் வைத்துச் சில நிமிடங்கள் கழித்து அசைவைப் பாருங்கள். குளிரில் அணுக்கள் மந்தமாகவே இருக்கும் என்பதால், சூடேற்றாத துளியைப் பார்த்துவிட்டுக் கெட்டுப்போனது என்று கொட்டிவிடக் கூடாது. எஞ்சியதை 4 டிகிரியிலேயே வைத்திருந்து, செலுத்தும் வேளையில் மட்டும் வெளியே எடுக்க வேண்டும். சூடேற்றி மீண்டும் குளிர்விக்கவே கூடாது. குளிரூட்டிய அணுவின் ஆயுள் குறைவு என்பதால், பயிற்சி பெற்றவரைக் கொண்டு நேரே கருப்பைக்குள் செலுத்தச் செய்தால் சினைபிடிக்கும் வாய்ப்புக் கூடும்.