மறு: ஃபார்ம் ஃபாக்டருக்குத் தமிழில் என்ன சொல்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

முதல் கணினியைத் தானே சேர்த்துக் கட்டப்போகிறவருக்கான கையேட்டில், தாய்ப்பலகையும் (மதர்போர்டு) அதை மாட்டும் கூடும் (கேஸ்) பற்றிய பகுதிக்குச் சொற்கள் கேட்டிருந்தீர்கள். இதுவரை வந்த மடல்களில் பெரும்பாலும் ‘வடிவக் காரணி’ என்றே ஃபார்ம் ஃபாக்டரை, அதாவது ஓர் உறுப்பின் அளவையும் அதை மாட்டும் விதத்தையும் பற்றிய உடன்பாட்டை, எழுதியிருக்கிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. காரணி என்றால் ஒன்று நடக்கக் காரணமாக இருப்பது. கணக்குப் பாடத்தில் என்றால் மீதியில்லாமல் வகுக்கும் எண். இந்த இரண்டில் எதுவும் இங்கே இல்லை. ‘இப்பலகையின் வடிவக் காரணி ஏடிஎக்ஸ்’ என்று படிக்கிற புதியவருக்கு, வாங்கப்போகிற பலகை கூட்டுக்குள் உட்காருமா என்ற அவருடைய ஒரே கேள்விக்கு அந்த வரியில் பதில் கிடைக்காது.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். 1995இல் இன்டெல் ஏடிஎக்ஸ் வரையறையை வெளியிட்டபோது, 305 × 244 மில்லிமீட்டர் என்று பலகையின் நீள அகலத்தைச் சொன்னதோடு நிற்கவில்லை. திருகுத் துளைகள் எந்தெந்த இடத்தில் வரவேண்டும், பின்பக்க இணைப்புகளுக்கான திறப்பு எங்கே இருக்கவேண்டும், விரிவாக்க அட்டைகள் எந்த இடைவெளியில் நிற்கவேண்டும் என்பதெல்லாம் அதில் அடக்கம். யாரோ ஒருவர் செய்த பலகை, வேறு யாரோ செய்த கூட்டுக்குள் பிசகாமல் உட்காருகிறது என்றால் அதற்கு இந்த உடன்பாடுதான் அடிப்படை. 244 × 244 அளவில் மைக்ரோ ஏடிஎக்ஸ் பிறகு வந்தது. ஏழாக இருந்த அட்டை இடங்கள் அதில் நான்காகக் குறைந்தன. 2001இல் வியா நிறுவனம் கொண்டுவந்த மினி ஐடிஎக்ஸ் 170 × 170 தான். அட்டைக்கு ஒரே இடம். ஆனால் அதன் நான்கு துளைகளும் ஏடிஎக்ஸ் துளைகள் இருக்கும் இடங்களிலேயே வருகின்றன. அதனால்தான் சின்னப் பலகையைப் பெரிய கூட்டில் மாட்டலாம். பெரிய பலகையைச் சின்னக் கூட்டில் மாட்ட வழியில்லை.

இதையெல்லாம் பார்க்கும்போது ‘வடிவளவு’ என்று வந்த யோசனை காரணியைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் அதைக் கேட்டால் நீள அகலம் மட்டுமே மனத்தில் நிற்கிறது. துளையும் திறப்பும் விட்டுப்போகின்றன. நான் முன்வைப்பது ‘பொருத்தளவு’. எதற்குள் எது பொருந்தும் என்று முன்கூட்டியே ஒத்துக்கொண்ட அளவுத்தொகுதி என்ற பொருளை அது தருகிறது. வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: ‘இந்தக் கூடு மூன்று பொருத்தளவுகளை ஏற்கும்.’ ‘உங்கள் பலகையின் பொருத்தளவு மைக்ரோ ஏடிஎக்ஸ்.’ இடறவில்லை. பலகையைத் தாண்டியும் இச்சொல் உதவும். மின்வழங்கிகளில் (பவர் சப்ளை) ஏடிஎக்ஸ், எஸ்எஃப்எக்ஸ் என்று பொருத்தளவுகள் உண்டு. எம்.2 சேமிப்பகத்தில் 2280 என்ற பொருத்தளவு, அகலம் 22 மி.மீ., நீளம் 80 மி.மீ. என்று எண்ணிலேயே தன்னைச் சொல்லிவிடுகிறது.

ஒரு எச்சரிக்கையைக் கையேட்டில் கட்டாயம் சேர்க்க வேண்டும். ஈ-ஏடிஎக்ஸ் என்ற பெயரை மட்டும் நம்பக்கூடாது. 305 × 330 என்பது அதன் வழக்கமான அளவு என்றாலும், 244ஐவிடச் சற்றே அகலமான பலகைகளுக்கும் அதே பெயரைப் போட்டுவிடுகிறார்கள். அங்கே பெயரை விட்டுவிட்டு மில்லிமீட்டரைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

அடுத்தது கம்பாட்டிபிலிட்டி. பொருத்தம், இணக்கம், ஒத்திசைவு என்று மூன்றையும் மாற்றி மாற்றி எழுதிவருகிறோம். இதைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதைவிட, இரண்டை எடுத்துக்கொண்டு இரண்டுக்கும் தனித்தனி வேலை கொடுப்பது நல்லது. உடலளவில் சேர்வது பொருத்தம். மின்னோட்டத்தாலும் உள்மென்பொருளாலும் சேர்ந்து இயங்குவது இணக்கம். முதல் கணினி கட்டுகிறவர் பணத்தை இழப்பது இந்த இரண்டும் ஒன்று என்று நினைக்கும்போதுதான்.

எடுத்துக்காட்டு, இன்டெலின் எல்ஜிஏ 1151 சாக்கெட், அதாவது பலகையில் செயலி உட்காரும் குழி. 2015இல் வந்த ஆறாம் தலைமுறைச் செயலிகளுக்கும், 2017இல் வந்த எட்டாம் தலைமுறைச் செயலிகளுக்கும் சாக்கெட்டின் பெயர் ஒன்றே. செயலி குழியில் அழகாக உட்காரும். ஆனால் எட்டாம் தலைமுறைச் செயலிக்கு 300 வரிசைச் சிப்செட் (செயலியை மற்ற உறுப்புகளோடு இணைக்கும் சில்லு) உள்ள பலகைதான் வேண்டும். முந்தைய 100, 200 வரிசைப் பலகைகளில் அது இயங்காது. பொருத்தம் இருக்கிறது, இணக்கம் இல்லை. ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 சாக்கெட்டில் நிலைமை கொஞ்சம் மென்மையானது. பழைய பலகை பலவற்றில் ரைசன் 5000 வரிசைச் செயலியை மாட்டலாம், ஆனால் பயாஸை, அதாவது கணினியைத் தொடங்கிவைக்கும் உள்மென்பொருளை, புதுப்பிக்கும்வரை பலகைக்கு அந்தச் செயலியை அடையாளம் தெரியாது. புதுப்பிக்க வேண்டுமானால் ஏற்கெனவே இயங்கும் செயலி ஒன்று வேண்டும். அல்லது செயலி இல்லாமலே பயாஸ் ஏற்றும் பொத்தான் பலகையில் இருக்க வேண்டும். முதல்முறை கட்டுகிறவரிடம் இன்னொரு செயலி எங்கே இருக்கப்போகிறது? ஆகவே ‘இணக்கப் பட்டியலைப் பார்க்கவும்’ என்ற வரியும், அப்பட்டியல் பலகை செய்த நிறுவனத்தின் பக்கத்தில் பயாஸ் பதிப்பு எண்ணோடு இருக்கும் என்ற விளக்கமும் தேவை.

நினைவகத்தில் (ரேம்) சிக்கல் குறைவு. டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 தொடுமுனைகள்தான் என்றாலும் வெட்டு இருக்கும் இடம் வேறு. தவறானதை மாட்டவே முடியாது. இன்டெலின் எல்ஜிஏ 1700 சாக்கெட் பலகைகள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றை ஏற்கும்படி தனித்தனியாக வந்தன, ஏஎம்டியின் ஏஎம்5 பலகைகள் டிடிஆர்5ஐ மட்டும் ஏற்கும். இவ்வளவு சொன்னால் போதும்.

கேஸ் அல்லது கேபினட்டுக்குப் ‘பெட்டி’யா ‘கூடு’வா என்ற வாதத்தில் நான் கூட்டின் பக்கம். பொருள்கள் எல்லாமே பெட்டியில் அடைத்துத்தான் வரும். ‘பலகையைப் பெட்டிக்குள் வைத்து’ என்று எழுதினால் எந்தப் பெட்டி என்று கேட்கத் தோன்றும். இன்னொன்றும் உண்டு: பேச்சுவழக்கில் பலர் மொத்தப் பெட்டியையும் சிபியு என்கிறார்கள். செயலியைத்தான் சிபியு என்கிறோம் என்பதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் ‘சிபியுவைச் சாக்கெட்டில் வையுங்கள்’ என்ற வரியில் படிக்கிறவர் திகைத்துப்போவார்.

ஸ்டாண்ட்ஆஃப் என்ற சிறு பித்தளைத் தண்டுக்கு ‘முட்டுக்கால்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். முட்டுக் கொடுப்பது என்ற கருத்து சரியாக அமைகிறது. ஆனால் முட்டுக்கால் என்றதும் மண்டியிடுவதுதான் பலருக்கு நினைவுக்கு வரும். ‘தாங்குகால்’ என்று வைத்துக்கொள்ளலாமா? இது சின்ன உறுப்புதான், ஆனால் ஆபத்து இங்கே அதிகம். பலகையின் அடிப்பக்கம் கூட்டின் உலோகத்தைத் தொடாமல் தூக்கிப் பிடிப்பது இதுதான். மைக்ரோ ஏடிஎக்ஸ் பலகையை மாட்டும்போது, ஏடிஎக்ஸுக்காக முன்பே திருகிவைத்த தாங்குகால் ஒன்று துளை இல்லாத இடத்தில் நின்றால், அது பலகையின் பற்றவைப்புப் புள்ளிகளைத் தொட்டு மின்குறுக்கை (ஷார்ட் சர்க்யூட்) உண்டாக்கலாம். ‘துளை இல்லாத இடத்துத் தாங்குகாலைக் கழற்றிவிடுங்கள்’ என்ற வரியைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

மீதம் இருப்பது கிளியரன்ஸ், அதாவது ஓர் உறுப்புக்குக் கூட்டில் கிடைக்கும் இடம். கூட்டின் விவரப் பட்டியலில் வரைகலை அட்டை எவ்வளவு நீளம் வரை போகலாம், செயலிக் குளிர்விப்பான் எவ்வளவு உயரம் வரை நிற்கலாம் என்று இருக்கும். மேற்கூரையில் நீர்வழிக் குளிர்விப்பானின் ரேடியேட்டரை மாட்டினால் அது நினைவக அட்டைகளில் இடிக்குமா என்பது பட்டியலில் பெரும்பாலும் இருக்காது. வரைபடத்தைப் பார்த்துக் கணக்குப் போட வேண்டும். அண்மையில் வரும் சில பலகைகளில் மின் இணைப்புகள் எல்லாம் பின்பக்கத்தில் இருக்கின்றன. பொருத்தளவு ஏடிஎக்ஸ்தான் என்றாலும் கூட்டின் தட்டில் அதற்கென்று வெட்டுகள் இல்லாவிட்டால் மாட்ட முடியாது. இதற்கெல்லாம் ‘இடைவெளி’ என்று எழுதினால் இரண்டு பொருளுக்கு நடுவே உள்ள சந்து என்று மட்டும் ஆகிவிடுகிறது. ‘இடவரம்பு’ என்று யோசித்தேன்: ‘அட்டைக்கான இடவரம்பு 330 மி.மீ.’ அட்டையின் நீளம் அதற்குள் இருக்கவேண்டும் என்பது தானாகவே விளங்குகிறது.

பொருத்தளவு, இணக்கம், தாங்குகால் மூன்றிலும் நான் உறுதியாக இருக்கிறேன். இடவரம்பைவிட நல்ல சொல் யாருக்காவது தோன்றினால் உடனே மாற்றிக்கொள்ளலாம். கையேடு அச்சுக்குப் போகும் முன் எழுதுங்கள்.

அன்புடன்.